ஒட்டாத புரோட்டீன்

சண்முகத்தாய்: அசையாத தாயி... காவியில எழுதுற சிங்கத்துக்கு வாலு கோணிப்போகும்.

எழில்: கூசுது பெரியம்மா. அண்ணே, தோள்ல சிங்கம் வந்துருச்சா?

மாரிக்கண்ணன்: வந்துருச்சு. பாத்தா நாயி மாதிரி இருக்கு.

சண்முகத்தாய்: ஏலே மாரிக்கண்ணா, ஒந்தங்கச்சி டாக்டருக்குப் படிக்கான்னு ஏழாயிரம்பண்ணை ஊரு பூராம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச. இப்ப அக்கி எழுத எங்கிட்ட கூட்டியாந்திருக்க?

மாரிக்கண்ணன்: அவ ஊசி போடுற டாக்டரு இல்ல பெரியம்மா. மதுரையில வைரசு ஆராய்ச்சி.

எழில்: மாத்திரையும் முழுங்கிட்டுத்தான் வந்திருக்கேன். இந்தக் காவி எங்கம்மா திருப்திக்கு. ஆனா எந்த வைரசுன்னு கேட்டா சிரிப்பீக.

சண்முகத்தாய்: எது?

எழில்: இதேதான். அக்கியக் கொண்டுவர்ற வைரசு. நாலு வருசமா இதைத்தான் படிக்கேன்.

சண்முகத்தாய்: ஆத்தாடி... படிச்சதையே மேலுல போட்டுக்கிட்டியாக்கும்! சரி, காவி காயட்டும். அடுப்பைப் பாத்துட்டு வாரேன்.

மாரிக்கண்ணன்: ஏ புள்ள... லேப்ல இருந்து தொத்திக்கிச்சோ?

எழில்: இல்லண்ணே. ரெண்டாங்கிளாஸ்ல எனக்குச் சின்னம்மை போட்டுச்சுல்ல, அதுவும் இதே வைரசுதான்... அம்மை இறங்கிருச்சு, வைரசு இறங்கல. நரம்புக்குள்ள போயி படுத்துக்கிச்சு. இப்பத்தான் எந்திரிச்சிருக்கு.

மாரிக்கண்ணன்: யாரு எழுப்புனா?

எழில்: உடம்பு அசந்தா எந்திரிக்கும். மனசு அசந்தாலும்... எந்திரிச்சதும் ஒரு புரோட்டீன் முன்னாடி நின்னு எல்லாத்தையும் முடுக்கிவிடும்.

மாரிக்கண்ணன்: எப்படி?

எழில்: வைரசோட டி.என்.ஏ.ல ஜீன் ஜீனா எழுதியிருக்கும். எழுதியிருந்தாப் போதுமா? படிக்க ஆளு வேணும்ல. படிக்கிற மெசின் வைரசுகிட்ட கிடையாது, நம்ம செல்லுக்குள்ளதான் இருக்கு. இந்தப் புரோட்டீன் டி.என்.ஏ.ல தனக்குன்னு உள்ள இடத்துல ஒட்டிக்கிட்டு, நம்ம மெசினையே இழுத்தாந்து 'இதைப் படி'ன்னு உக்கார வைக்கும். படிச்சா அந்த ஜீன் வேலையத் தொடங்கிரும். ஒண்ணு பின்னால ஒண்ணா... புது வைரசு கெளம்பிரும்.

மாரிக்கண்ணன்: நம்ம வீட்டுக்கு வந்து, நம்மளையே சமைக்கச் சொல்லி, சாப்பிட்டுப் போற மாதிரி...

எழில்: நல்லசிவம் மாமாவைத்தான சொல்ற? அதேதான்!

மாரிக்கண்ணன்: அதுல உனக்கு என்ன வேலை?

எழில்: டி.என்.ஏ.ல எந்த இடத்துல ஒட்டுதுன்னு கண்டுபிடிக்கணும். புரோட்டீனையும் டி.என்.ஏ. துண்டையும் கலந்து, கூழ் கட்டி மாதிரி ஒரு ஜெல்லுல வச்சு, கரண்டு விட்டு ஓட்டுவோம். வெறும் டி.என்.ஏ. விறுவிறுன்னு ஓடிரும். புரோட்டீன் ஒட்டியிருந்தா கனத்துல பின்தங்கி நிக்கும். அங்கன ஒரு கோடு தெரியும்.

மாரிக்கண்ணன்: தெரிஞ்சுச்சா?

எழில்: காவி காஞ்சிருச்சா பாருண்ணே.

மாரிக்கண்ணன்: கேட்டதுக்குச் சொல்லு எழிலு.

எழில்: ஒரு தடவகூட இல்லண்ணே. ஊர் உலகத்துல அம்புட்டுப் பேரு உடம்புலயும் ஒட்டுற புரோட்டீன், என் டியூப்புல மட்டும் ஒட்டாது. அதே புரோட்டீன் என் தோள்ல எம்புட்டு ஜோரா வேலை பாக்குது பாரு!

மாரிக்கண்ணன்: சிரிக்காத. காவி விரியும்.

எழில்: சிரிக்கலண்ணே.

மாரிக்கண்ணன்: ...அழுதாலும் விரியும் புள்ள. விடு. லீவு எதுவரைக்கும்?

எழில்: லீவெல்லாம் இல்ல. 'எனக்கு இது வராது சார்'னு சொல்லிட்டு வந்துட்டேன். விட்டுட்டேண்ணே.

மாரிக்கண்ணன்: ம்.

எழில்: நீ பட்டாசு மருந்து ரூம்ல நின்னு என்னையப் படிக்க வச்ச. நான் போயி, ஒட்டல ஒட்டலன்னு திரும்பி வந்திருக்கேன். உங்க பட்டாசு ஆபீஸ்ல எனக்கும் ஒரு வேலை சொல்லு. வெடிக்குக் காகிதக் குழாய் ஒட்டுறேன். அதாவது ஒட்டுதான்னு பாப்போம்.

மாரிக்கண்ணன்: நீயா? நீ ஒட்டுன குழாய் பத்த வைக்கிறதுக்கு முன்னாலயே பிரிஞ்சிரும். போர்மேன் என்னையில்ல ஏசுவாரு.

எழில்: வெளையாடாத. நான் இம்புட்டுச் சொல்றேன், நீ 'ம்'ங்குற. கோவம் வரலயா?

மாரிக்கண்ணன்: தெரிஞ்ச விசயத்துக்கு என்ன கோவம்?

எழில்: தெரியுமா? யாரு சொன்னா?

மாரிக்கண்ணன்: நீ செல்போனை அணைச்சு வச்சுட்ட. உங்க சாரு எனக்குப் போன் பண்ணிட்டாரு. முந்தாநாளு.

எழில்: திட்டுனாரா?

மாரிக்கண்ணன்: இல்ல... ஒண்ணு சொல்லச் சொன்னாரு. எனக்கு வெளங்கல, அப்படியே மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன். புரோட்டீன் கண்ட இடத்துல ஒட்டக் கூடாதுன்னு வேற ஒரு டி.என்.ஏ. கொஞ்சமாக் கலப்பீகளாமே?

எழில்: ஆமா... அதுக்கென்ன?

மாரிக்கண்ணன்: அதை அள்ளிப் போட்டுட்டியாம். கணக்குல தசமப் புள்ளி ஒண்ணு தள்ளிப்போயி, பத்து மடங்கு ஆயிருச்சாம். உம் புரோட்டீன் பூராம் அதுலயே போயி ஒட்டிக்கிச்சாம்.

எழில்: அய்யய்யோ... புள்ளியா? ஒரு புள்ளியாண்ணே? தூ, என் மூஞ்சி... சரி, அளவாப் போட்டா?

மாரிக்கண்ணன்: நீ வச்சுட்டு வந்த புரோட்டீனையே எடுத்து, அளவாக் கலந்து ஓட்டிப் பாத்தாகளாம். கோடு வந்துருச்சாம்.

எழில்: முந்தாநாளே தெரிஞ்சும்... ஏண்ணே சொல்லல?

மாரிக்கண்ணன்: சொல்லியிருந்தா காய்ச்சலோட பஸ் ஏறியிருப்ப. அதான் சார்கிட்ட நானே பேசி வச்சிருக்கேன்... 'அக்கி இறங்குனதும் கூட்டியாந்து விடுறேன், அதுவரைக்கும் எந்தங்கச்சி மேசையில யாரும் கை வைக்காதீக'ன்னு.