பதினைந்துக்கு ஏழு

நல்ல மைக்குக்கு நிறையப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. இருபது வருடமாக நான் இதைத்தான் சொல்லிவருகிறேன். இங்கேயும் அதிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற எல்லாமே அதிலிருந்து வந்ததுதான்.

என் பெயர் எக்கார்ட் லோசே. லைப்சிக் நகரின் மேற்கே, பழைய பஞ்சாலையின் சாப்பாட்டுக் கூடத்தில் நடக்கும் ஒலிப்பதிவு நிலையத்தில் கருவிகளைப் பழுதுபார்ப்பவன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. எழுத வரும். இணையத்தில் எங்கள் தொழில்காரர்கள் கூடும் ஒரு மன்றத்தில், விலையேறிய பழைய மைக்குகளுக்குப் பதிலாக எதை வாங்கலாம், வாங்கியதை எப்படித் திருத்தலாம் என்று எழுதுவேன். ரோஸ்டாக்கிலிருந்து ஒரு பெண், என் கட்டுரையைப் படித்துத் தன் படுக்கையறையிலேயே முதல் பாட்டைப் பதிவு செய்ததாக நன்றி எழுதியிருந்தாள். இப்படி நிறையப் பேர். இதில் யாருக்கும் கெடுதல் இல்லை என்பதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள், மேடம்.

நீங்கள் விசாரிக்கும் இரண்டு மைக் காப்சூல்களையும் நான்தான் எடுத்தேன். அதில் மறுக்க எதுவுமில்லை. என் வீட்டில் ஈரம் படாமல், பஞ்சு வைத்த கண்ணாடிப் புட்டியில் பத்திரமாக இருந்தன. விற்கவில்லை, விற்கும் எண்ணமும் இருந்ததில்லை. ஏன் எடுத்தேன் என்று கேட்டீர்கள். அதற்கு ரோஸ்விதா காம்பேயைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் நிலையத்தில் ஒரு ஜோடி பழைய மைக்குகள் இருந்தன. ஐம்பதுகளில் பெர்லினில் செய்தவை, கலைக்கப்பட்ட ஒரு வானொலி நிலையத்திலிருந்து வந்தவை. மைக்கின் உயிர் அதன் தலைக்குள் இருக்கிறது. நாணயம் அளவில் ஒரு தட்டு, அதன் மேல் தங்கம் பூசிய மெல்லிய சவ்வு. இதைத்தான் காப்சூல் என்கிறோம். அந்த ஜோடியின் விலைக்கு எங்கள் பகுதியில் வீட்டுக்கு முன்பணம் கட்டலாம். அதே அளவில், அதே சவ்வோடு சீனாவில் செய்யப்படும் காப்சூல், இரண்டு பேர் ஹோட்டலில் சாப்பிடும் காசுக்குக் கிடைக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ரோஸ்விதாதான் எங்கள் ஒலிப்பதிவாளர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். இருபத்திரண்டு வருடம் ஒரே கூடத்தில் வேலை செய்தோம். அவர் ஒலியைப் பற்றித் தொழில் வார்த்தையில் பேசமாட்டார். நான் திருத்திய ஒரு மைக்கைக் கேட்டுவிட்டு, "உருளைக்கிழங்கு நல்லா வெந்திருக்குடா. உப்பு எங்க?" என்பார்.  உப்பை அளக்க என்னிடம் கருவி இல்லை.

வியாழக்கிழமைச் சோதனையைக் கொண்டுவந்ததும் அவர்தான். கருப்புத் திரைக்குப் பின்னால் இரண்டு மைக்குகள். ஒருவர் வாசிக்க, கேட்பவர் ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, பதினைந்து முறை எது பழையது, எது புதியது என்று தாளில் எழுத வேண்டும். மைக்கை மாற்றுபவர் சரியான விடைகளை இன்னொரு தாளில் குறித்துக்கொள்வார். முடிந்ததும் அவரே இரண்டையும் ஒப்பிட்டு எண்ணைச் சொல்வார். அந்தத் தாளை வாங்கிப் பார்ப்பது எங்களிடையே வழக்கம் இல்லை. சக வேலைக்காரனின் சட்டைப்பைக்குள் கைவிடுவது மாதிரி அது. "மைக்கோட பேரைப் பாத்து காது மயங்கிடும்டா, தாள் மயங்காது" என்று ரோஸ்விதா சொல்வார். தாளை அவர் முழுமையாக நம்பினார்.

இரண்டு வருடத்துக்கு முன் அக்டோபரில், எங்கள் மன்றத்துக்காரர்கள் முப்பத்தெட்டுப் பேர் நிலையத்துக்கு வந்தார்கள். அந்தச் சீனக் காப்சூலைப் பொருத்தி நான் செய்த மைக்கைப் பழைய மைக்கோடு ஒப்பிட்டுக் கேட்பதற்காகத்தான் வந்தார்கள். எங்கள் நிலையத்தில் வழக்கமாக வாசிக்கும் அன்செல்ம் தன் செல்லோ வாத்தியத்தை வாசித்தார், மைக்குகளை நான் மாற்றினேன். முப்பத்தெட்டுப் பேரும் எழுதினார்கள். சிலருக்கு ஆறு, சிலருக்கு எட்டு. பதினைந்துக்கு ஏழு என்பது நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலும் வரும் எண். அதாவது, யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கைதட்டினார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக நான் எழுந்து நின்று நாலு வாக்கியம் பேசினேன்.

அப்போது நிலையத்தின் உரிமையாளர் தீலோ பின்வரிசையைப் பார்த்துக் கத்தினார். "ரோஸ்விதா, நீங்க எழுதலையா?"

"எழுதினேன். கேக் வெட்டிக்கிட்டே எழுதினேன், பிசுக்கா இருக்கும், பாத்துப் பிடி."

கேக் பெட்டியின் மூடியில் எழுதியிருந்தார். தீலோ அதை, அன்று கூட்டத்துக்காகச் சுவரில் ஒட்டியிருந்த என் விடைத்தாளோடு ஒப்பிட்டு உரக்கப் படித்தார். பதினைந்துக்குப் பதினைந்து.

ரோஸ்விதா என் முகத்தைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார். "மூஞ்சியைத் தூக்காதடா எக்கார்ட். உன்னோடது நல்ல நாய்தான். வாலாட்டுது, கை குடுக்குது. ஆனா அது நம்ம வீட்டு நாய் இல்லன்னு தெரியுதே, நான் என்ன பண்ண?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு பல வாரங்கள், மன்றத்தில் நான் எதை எழுதினாலும் கீழே யாராவது ஒருவர் "வவ் வவ்" என்று போட்டுவிட்டுப் போனார்கள்.

நான் கோபப்பட்டேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். முப்பத்தெட்டுப் பேர் காட்டிய ஒரு முடிவை ஒரே ஒருவரின் காது கெடுப்பது முறையில்லை என்று மட்டும் நினைத்தேன்.

பிப்ரவரியில் வருடாந்தரப் பராமரிப்பு வரும். அந்த ஜோடியைத் திறந்து பழைய காப்சூல்களை எடுத்துவிட்டு, புதியவற்றைப் பொருத்தினேன். அறுபது வருடச் சவ்வு. பாடுகிறவர்களின் மூச்சும் எச்சிலும் பட்டுப்பட்டுக் கெடுகிறது. அதற்கு ஓய்வு தேவை. ஒரு வகையில் நான் அவற்றைக் காப்பாற்றினேன். தீலோவுக்கு எதுவும் தெரியவில்லை. அன்செல்முக்கும் தெரியவில்லை. அந்த வசந்தத்தில் வெளிவந்த ஒரு இசைத்தட்டைப் பற்றி ஒரு பத்திரிகை, "பழைய மைக்குக்கே உரிய கதகதப்பு" என்று எழுதியது. அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்திருக்கிறேன்.

மார்ச்சில் முதல் பதிவு. அன்செல்ம் வில்லை இழுத்தார். நாலைந்து சுரம் போயிருக்கும், ரோஸ்விதா கையைத் தூக்கி நிறுத்தினார்.

"மைக்கை நகத்தினியா?"

"இல்லயே. அதே இடம்தான். தரையில ஒட்டின நாடாவைப் பாருங்க."

"உள்ள இருக்கிற வால்வை மாத்தினியா?"

"இல்ல."

"என்னமோ போயிருக்குடா. பாதி விளக்கை அணைச்ச மாதிரி இருக்கு."

மைக்கின் ஒலியை அளந்த வரைபடத்தை எடுத்துக் காட்டினேன். சென்ற வருடத்துக் கோடும் இந்த வருடத்துக் கோடும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அவர் அதை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டார். "அப்போ என் காதா?"

நான் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில், "அறுபத்தொண்ணு ஆகுதுல்ல" என்றேன். இதில் பொய் எதுவும் இல்லை. அவருக்கு அறுபத்தொன்றுதான்.

அவருக்கு அந்த வருடம் ஒரு பெரிய வேலை இருந்தது. ஏர்ட்ஸ் மலையிலிருந்து இருபத்துநான்கு பெண்கள் பாடும் ஒரு குழு. அவர்கள் பாடுவதை ஒரு மாதா கோயிலில் கேட்டுவிட்டு வந்து நாலு வருடம் அலைந்து, கடிதம் எழுதி, உதவித்தொகை வாங்கி, செப்டம்பரில் பதிவு என்று முடிவு செய்திருந்தார். ஓய்வு பெறுவதற்குமுன் இந்த ஒரு பதிவு போதும் என்பார். குழுவை நடத்திய அம்மாளும், ரோஸ்விதா பதிவு செய்வதானால் மட்டுமே பாடுவோம் என்று சொல்லியிருந்தார்.

"எனக்கு ஒரு சோதனை வைடா" என்றார் ரோஸ்விதா. "பழைய மாதிரி, பதினைஞ்சு. நம்ம மைக்கு ஒண்ணு, உன் நாய் ஒண்ணு. என் காது இருக்கா இல்லயான்னு தெரிஞ்சாகணும். காது இல்லாம அந்தப் பொம்பளைங்களைக் கூப்பிட்டு நிக்கவெச்சா அது மோசடி."

சோதனை என்றால் நேர்மையாக இருக்க வேண்டும். அதனால் நான் புதன்கிழமையே ஒரு மைக்கில் பழைய காப்சூலைத் திரும்பப் பொருத்தினேன். வியாழக்கிழமை அன்செல்ம் வாசித்தார். ரோஸ்விதா முதுகைத் திருப்பிக்கொண்டு, கண்ணை மூடி, ஒவ்வொன்றாக எழுதினார். அவசரப்படவே இல்லை. முடித்ததும் தாளை என்னிடம் நீட்டினார்.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பதினைந்தும் சரி.

"ஏழு" என்றேன்.

பூஜ்யம் என்று சொல்லியிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். அது தவறு. பதினைந்திலும் தவறுகிற காது, பதினைந்திலும் சரியாக இருக்கிற காதைப் போலவே கூர்மையானது. இது ரோஸ்விதாவுக்கும் தெரியும். ஏழு என்பதுதான் கேட்காத காதின் எண்.

அவர் என் தாளை வாங்கிப் பார்க்கவில்லை. நான் சொன்னேனே, அது எங்கள் வழக்கம் இல்லை.

அடுத்த வியாழனும் கேட்டார், அதற்கடுத்த வியாழனும் கேட்டார். அப்போதும் பதினைந்துதான். எட்டு என்று சொன்னேன், பிறகு ஆறு என்று சொன்னேன். ஒரே எண் மூன்று முறை வந்தால் இயல்பாக இருக்காது. ஒவ்வொரு சோதனை முடிந்ததும் பழைய காப்சூலைப் புட்டிக்குள் வைத்தேன்.

காது மருத்துவரிடம் நான்தான் நேரம் வாங்கிக் கொடுத்தேன், டிராமில் கூடவும் போனேன். வந்த வரைபடம், அந்த வயதில் எல்லோருக்கும் வருவதுதான். உச்ச சுரங்களில் ஒரு சிறு சரிவு. "வயசுக்கு இயல்புதான்" என்று மருத்துவர் சொன்னதாக வெளியே வந்து சொன்னார். அவருக்கும் வரைபடம் படிக்கத் தெரியும். ஆனால் தன்னுடையதை ஒருவர் அமைதியாகப் படிக்க முடிவதில்லை.

"இயல்புன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாததா" என்றேன்.

ஆகஸ்டில் சாவியைத் தீலோவிடம் கொடுத்தார். தீலோ அழுதார். "ஏதோ ஒரு கெட்ட மாசம், போயிடும் ரோஸ்விதா, இருங்க" என்றார். "போடா, மூணு சோதனை பண்ணியாச்சு" என்றார் ரோஸ்விதா. பாடகர் குழுவுக்கு அவரே தொலைபேசியில் சொன்னார். நான் பக்கத்து அறையில் இருந்தேன். மன்னிப்புக் கேட்டார், பல முறை கேட்டார். அந்தக் குழு பிறகு எங்கேயும் பதிவு செய்யவில்லை. நடத்திய அம்மாள் சென்ற வருடம் இறந்துவிட்டார், குழுவும் கலைந்துவிட்டது.

ரோஸ்விதா இப்போது கிரிம்மாவில் தங்கை வீட்டில் இருக்கிறார். இசைத்தட்டுகளையெல்லாம் கொடுத்துவிட்டார். காதுக்குக் கருவி வைத்திருக்கிறார். மாதம் ஒருமுறை கேக் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறேன். கருவி வைத்தால் கரண்டி விழுவது கத்தி விழுவது மாதிரி இருக்கிறது என்கிறார். பழகிவிடும் என்று சொன்னேன். சென்ற முறை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ ஒருத்தன்தான்டா எனக்கு உண்மையைச் சொன்னவன். மத்தவன் எல்லாம் என் மனசு நோகும்னு பூசி மெழுகினான்."

அன்று எனக்கு அவர்மேல் மிகுந்த பிரியம் உண்டாயிற்று.

மன்றத்தில் இப்போது யாரும் குரைப்பதில்லை. அந்தப் பதினைந்து ஏதோ அதிர்ஷ்டம், அந்த அம்மாளுக்குக் காதே போய்விட்டதாம் என்று ஒருவர் எழுதினார். அதை நான் எழுதவில்லை, திருத்தவும் இல்லை.

மற்றது உங்களுக்குத் தெரியும். தீலோ நிலையத்துக்குக் கூரை போடுவதற்காக அந்த மைக் ஜோடியை விற்றார். வியன்னாவில் வாங்கியவர் மைக்கின் தலையைத் திறந்து பார்த்து, உள்ளே இருப்பவை புதிய காப்சூல்கள் என்று கண்டுகொண்டார். நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். புட்டியை நானே எடுத்துக் கொடுத்தேன். அலமாரியில் ரோஸ்விதாவின் மூன்று தாள்களும் இருந்தன. நான் அளந்த குறிப்புகளைத் தூக்கி எறிவதில்லை. அவையும் உங்கள் கோப்பில் இருக்கின்றன. ஆனால் உங்கள் படிவத்தில் காப்சூல்களுக்கு மட்டும்தான் கட்டம் இருக்கிறது. அது சரிதான். திருடியது அதைத்தான்.

அவரிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம் என்பது என் கருத்து. குழு இல்லை, கூடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு அறுபத்துமூன்று ஆகிறது. ஒருவழியாக மனதைத் தேற்றிக்கொண்டிருக்கிறார். இனி நல்ல காதுகளை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்யப்போகிறார்? அவரைத் துன்பப்படுத்த எனக்கு மனமில்லை.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். எனக்கு அந்த வித்தியாசம் கேட்டதா என்று.

கேட்டது. மார்ச்சில் அன்று, அன்செல்மின் முதல் சுரத்திலேயே, ரோஸ்விதா கையைத் தூக்குவதற்கு முன்பே கேட்டது. ஆனால் மிகச் சின்ன வித்தியாசம், மேடம். அந்த விலைக்கு யாரும் குறை சொல்லமாட்டார்கள்.