செவப்புக் கம்பிச் செருப்பு யார் பாட்டு?

போடாதீங்க டீச்சர்! அந்தாளு நீட்டுற பையில ஒத்த ரூபியா போட்றாதீங்க, சொல்லிட்டேன். கித்தார மாட்டிக்கிட்டு பஸ்ஸு பஸ்ஸா ஏறிப் பாடுறானே, 'செவப்புக் கம்பிச் செருப்பு'ன்னு... அது எங்க வீட்டுப் பாட்டு! எங்க வீட்டுப் பாட்ட என் காதுலயே பாடிட்டு, என்கிட்டயே பைய நீட்டுறான். எப்பிடி இருக்கு பாருங்க நியாயம்! யோவ், போய்யா அங்கிட்டு, பின் சீட்டுல போய் நீட்டு!

டீச்சர்தானே நீங்க? பள்ளிக்கூடத்துக்குப் போட்டுட்டுப் போற காக்கி உடுப்பப் பாத்ததுமே நெனச்சேன். நல்லதாப் போச்சு, ஒங்கள மாதிரி படிச்சவங்ககிட்டதான் இதச் சொல்லணும். என் பேரு காஸ்முரி. கெண்டாங் வாசிக்கிறவன். ஜெம்பர் பக்கத்துல கல்யாணம்னாலும் சரி, சுன்னத்துன்னாலும் சரி, எங்க குழு வராம பந்தல் நெறையாது. முப்பது வருஷமா மத்தளம் தட்டுன கை இது... கீழ என்ன பாக்குறீங்க? செருப்பா? அது... இருட்டோட கெளம்புனேனா, மாத்தி மாட்டிக்கிட்டேன். அத விடுங்க.

இந்தப் பாட்டத் திருடாதவன் இந்த ஜாவாவுல எவன் இருக்கான், சொல்லுங்க? தாஹு பொரிச்சு விக்கிற வண்டிக்காரன் இருக்கான்ல, கூம்பு ஸ்பீக்கர் கட்டிக்கிட்டு வர்றவன், அவன் நடுப்பாட்டுல 'சூடான தாஹூ... சூடான தாஹூ'ன்னு செருகிட்டான். செருப்புக்கும் தாஹுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேட்டா, மெட்டு நல்லா இருக்குல்லங்கிறான்! அப்பறம் ஒரு பொண்ணு, போனு முன்னாடி நின்னுக்கிட்டு வாய மட்டும் அசைக்குது. பாடக்கூட இல்ல டீச்சர், சும்மா அசைக்குது! அதுக்கு இருபது லட்சம் பேரு ஆஹா ஓஹோங்குறான். எங்க ஊருத் தலைவர் சம்சாரம் சுதந்திர தின மேடையில பாடுச்சு. பாட்டா அது? கொடிக்கம்பமே கூனிப் போச்சு.

மேடையில கவனிச்சிருக்கீங்களா? பாட்டுக்கு நடுவுல இந்தப் பாடகிங்க சலாம் சொல்லுவாளுங்க. 'கல்யாண வீட்டுக்காரர் ஹாஜி மன்சூருக்கு சலாம்! சவுண்டு செட்டுக்காரருக்கு சலாம்! ஜெனரேட்டர் ஓட்டுற அண்ணனுக்கு சலாம்!' ஒருவாட்டி ஒருத்தி கக்கூஸ் கழுவுற லாரி மொதலாளிக்கு சலாம் சொன்னா, அதுவும் ரெண்டு தடவ! பாட்டு எழுதினவங்களுக்கு? ம்ஹூம். ஒரு நாளும் இல்ல, ஒருத்தி வாயிலருந்தும் இல்ல. ஜெனரேட்டர் இல்லாட்டி மைக்கு ஓடாது, ஒத்துக்கறேன். பாட்டே இல்லாட்டி மைக்குல என்னத்தம்மா கத்துவே?

சட்டம் இருக்கு டீச்சர், இல்லாம இல்ல. எழுதினவங்க பேரச் சொல்லணும், கேட்டுட்டுத்தான் பாடணும், அடுத்தவன் தன் பேரப் போட்டுக்கக் கூடாது... எல்லாம் காயிதத்துல ஜோரா இருக்கு. ஒரு வக்கீலுக்குப் போன் போட்டேன். இந்த மாதிரி உரிமைக்குன்னே வாதாடுற வக்கீலாம். 'காத்திருங்க'ன்னு சொல்லிட்டு போனுல ஒரு பாட்டு ஓடவிட்டான் பாருங்க... எந்தப் பாட்டுங்கிறீங்க? அதே செருப்புதான்! வெச்சுட்டேன் போன.

இப்ப எதுக்கு சுரபாயா போறேன்? ஜகார்த்தாவுல ஒரு சினிமாக் கம்பெனிக்கு இந்தப் பாட்டு வேணுமாம். எழுதினது யாரு, வெள்ளிக்கெழமைக்குள்ள அரசாங்க ஆபீஸ்ல பதிஞ்சு காட்டுங்கன்னு அறிவிப்பு விட்டான். பதியிற பேருதான் படத்துல வரும், அப்பறம் என்னிக்கும் அந்தப் பேருதான் நிக்கும். அதுக்குள்ள மூணு பேரு நான்தான் நான்தான்னு கெளம்பிட்டானுங்க! அதுல ஒருத்தன் பல் டாக்டர். பல்லு புடுங்குறவன் டீச்சர்! இவன் எப்ப எழுதினான், ஒருத்தன் வாயத் தொறந்து வெச்சுக்கிட்டு இருக்கும்போதா?

இந்தாங்க, இந்த உறுதிக் காயிதத்தக் கொஞ்சம் நெரப்பிக் குடுங்க. என் கண்ணாடியக் காணோம். பாத்து... இது ஒண்ணுதான் இருக்கு, முத்திர வில்ல ஒட்டி, மனு குடுக்குறவன்னு என் கையெழுத்தும் போட்டாச்சு. ஊரு, தெருவு எல்லாம் எழுதுங்க. படைச்சவர் பேருன்னு இருக்கும் பாருங்க, அந்த எடத்த மட்டும் இப்பத்திக்கு விட்ருங்க. அப்பறம் சொல்றேன்.

ஆதாரமும் வெச்சிருக்கேன். இதோ, இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தி வந்த மொத விசிடி அட்ட. அந்த மீசக்காரன் நான்தான். பக்கத்துல பளபளன்னு நிக்கிறது பாடகி யூலி. நாலாவது பாட்டப் பாருங்க. எழுதினது... ஆமா, 'என்.என்.' ஒங்களுக்குத் தெரியாததா, எழுதினவங்க பேரு தெரியலன்னா இந்த ரெண்டு எழுத்தப் போட்ருவானுங்க. அதோ அந்தக் கித்தாருகிட்ட போன மாசம் இதே பஸ்ஸுல கேட்டேன், யாருய்யா எழுதினதுன்னு. 'என்.என். அண்ணன்தான்! பெரிய கை, ஆயிரம் பாட்டு எழுதியிருக்காரு, மலாங்ல மாடி வீடு'ங்கிறான்! சிரிக்காதீங்க டீச்சர், எனக்கு வயிறு எரியுது.

யாரு போட்டாங்கிறீங்களா? அச்சடிச்சவனா? இல்ல... அது வந்து... குழுத் தலைவர் சமிடி கேட்டாரு, 'காஸ்முரி, நாலாவதுக்கு யாரு பேரு போட?'ன்னு. என்.என்.னு போடுங்கன்னு... நான்தான் சொன்னேன். இருங்க, இருங்க! ஒடனே அப்பிடிப் பாத்தா எப்பிடி? பாட்டு என்னா சொல்லுது? ஒருத்தி மழையில புருஷனத் தேடிப் போறா. இன்னொருத்தி வாசல்ல அவன் செருப்பு கெடக்கு. வாரு அறுந்தப்ப இவளே செவப்புக் கம்பி வெச்சுக் கட்டிக் குடுத்த செருப்பு. இவ கதவத் தட்டல, சத்தம் போடல. ஒத்தச் செருப்ப மட்டும் எடுத்துக்கிட்டுத் திரும்பி வந்துர்றா. அவ்வளவுதான் பாட்டு. இதுக்குக் கீழ ஒரு பேரப் போட்டா, யாரு செருப்பு, யாரு வாசல்னு ஊரு கேக்காதா?

...கால உள்ள இழுத்தாலும் குனிஞ்சு பாக்குறீங்களே. ஆமா டீச்சர், செவப்புக் கம்பிதான். அதே செருப்புதான்! இத்தன வருஷம் எங்க ஒளிச்சு வெச்சிருந்தாளோ என் பொண்டாட்டி! காலைல பாத்தா புதுச் செருப்புல ஒண்ணக் காணோம், அது எடத்துல இது இருக்கு. பஸ்ஸுக்கு நேரமாச்சு, மாட்டிக்கிட்டு ஓடியாந்தேன். வாழையிலையில சோறு மட்டும் கட்டிக் குடுத்தா. கண்ணாடியும் அவகிட்டதான் இருக்கும்.

நேத்து சாயங்காலம் ஒண்ணே ஒண்ணு கேட்டா. 'தாஹுக்காரன் திருடன், பல் டாக்டர் திருடன், கித்தார்க்காரன் திருடன்... ஒரு ஆளு கொறையுதே'ன்னா.

எழுதினது அவதான் டீச்சர். காலண்டர் தாளுக்குப் பின்னாடி எழுதினா. டெம்பே பொரிச்சுக்கிட்டே மெட்டு முனங்குனதும் அவதான். நான் கெண்டாங் அடிச்சேன், அவ்வளவுதான். அவ்வளவுதானா? கெண்டாங் இல்லாட்டி எவன் ஆடுவான்... சரி, அவ்வளவுதான். அந்த யூலியே பாடினா. தன் வாசலப் பத்துன பாட்டுன்னு தெரியாம, கண்ணத் தொடச்சுக்கிட்டுப் பாடினா. நான் பக்கத்துல ஒக்காந்து தாளம் போட்டேன். கேவலமா இருந்துச்சு டீச்சர், இப்ப நெனச்சாலும் கேவலமாத்தான் இருக்கு. அன்னிக்கு வெக்கத்துல அவ பேர மறச்சேன். இன்னிக்கு ஊரே பாடுதுன்னதும், வெக்கத்த மறந்துட்டு என் பேரப் போடக் கெளம்பிட்டேன்.

யோவ் கித்தாரு! இங்க வா. இந்தா, புடி. ஆமாய்யா, போடக் கூடாதுன்னவன் நான்தான், இப்பப் போடுறேன், ஒனக்கென்ன? மறுபடி பாடு. மொதல்ல சலாம் சொல்லணும். டிரைவருக்கு வேணாம், எனக்கும் வேணாம். வார்தினிக்கு சலாம்னு சொல்லு. பாட்டு எழுதின வார்தினிக்கு. என்.என்.னு எவனும் கெடையாதுய்யா, மலாங்ல மாடி வீடும் கெடையாது! வார்தினி. சத்தமா, பின் சீட்டு வரைக்கும் கேக்கணும்.

...சொல்லிட்டான். கேட்டீங்களா டீச்சர்? பஸ்ஸு பூரா கேட்டுச்சு. போதும்ல? அவளுக்கு இது போதும்ல? காயிதத்துல என்ன எழுதுறதுன்னு சுரபாயா வர்றதுக்குள்ள மெதுவா யோசிச்சுக்கலாம், இன்னும் ரெண்டு மணி நேரம்... என்ன எழுதுறீங்க? டீச்சர்? எங்க எழுதுறீங்க? விடச் சொன்ன எடத்துலயா? ஐயையோ... இருந்தது ஒரே காயிதம், பேனாவுல எழுதிட்டீங்களே!

...சரி, வாசிச்சுக் காட்டுங்க. என்கிட்டதான் கண்ணாடி இல்லையே.