டிரைவரு இல்லையாம்

அழிக்கிற வேல மட்டும் வேணாங்க தம்பி. கையெடுத்துக் கும்புடுறேன். எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டா டிரைவரு தானா வந்துரும்னு சொல்றீங்க. சரி, வரும். உள்ள இருக்கிறது போயிருமில்லங்க? எம் பேத்தி தனுஷிகா தொறந்து வச்சிட்டுப் போன பேஸ்புக்கு அதுக்குள்ள தான் இருக்கு. கோத்தகிரியில இருந்து எங்கண்ணன் மக கூப்புட்டா இந்தக் கம்பியூட்டர் பெட்டியில தான் படம் வரும். பாஸ்வேர்ட்டு எனக்கு என்னா தெரியும்? தனுஷிகாவுக்குத் தான் தெரியும். அவ கட்டுநாயக்காவுல கார்மண்ட்ல வேல செய்யுறா. உள்ள போறப்ப கைப்போன வாசல்லயே வாங்கி வச்சிருவாங்களாம். காலையிலருந்து அடிக்கிறேன், எடுக்கல. சாயந்தரம் வெளிய வந்தா எடுப்பா. சாயந்தரம் எடுத்து எனக்கு என்னா பிரயோசனம்? நாலு மணிக்குள்ள ஒங்க கடை நெட்டுலயே இது வேல செய்யணுங்க.

ஏன்னா, அதுக்கு மேல அவன் இருக்க மாட்டான். கெளம்பிருவான். எவனா? எங்கண்ணன் தான். சூசை.

ஐயோ, ஒங்க போன் வேணாம் தம்பி. நீட்டுனீங்களே, அதுவே பெரிசு. கோவிச்சிக்காதீங்க. எனக்கு ரெண்டும் நுவரெலியா ஆஸ்பத்திரியில புரை வெட்டின கண்ணு. போன் கண்ணாடியில மனுசன் மூஞ்சி கட்டவெரல் நகம் மாதிரித் தான் தெரியும். அதுவுமில்லாம அடுத்த ஆளு போன்ல கூப்புட்டா அவன் வூட்டு ஆளுங்க என்னா நெனப்பாங்க? இந்த வியாகுலத்துக்கு வக்கில்ல, கடை கடையா ஏறிக் கெஞ்சுறான்னு தானே? அவன் முன்னுக்கு நான் அப்புடி நிக்க மாட்டேன். எம் பெட்டியில, எம் பேரு விழுந்து, அவன் மூஞ்சி பெருசா எனக்கு நேரா வரணும். வந்தோன்ன ஒன்னே ஒன்னு கேக்கணும். அத நாப்பது வருசத்துக்கு மேல தொண்டையில வச்சிக்கிட்டு இருக்கேன்.

வயர் மாட்டுற ஓட்டையா? அது தான் பொசுங்கிருச்சே, பாருங்க கருகிக் கெடக்கு. ஒரே வரிசை வூடுங்க தானே எங்க லயம், அடுத்த காம்பரா இராமையா வூட்டுல நெட்டுப் பெட்டி இருக்கு. அவன் நல்ல மனுசன், செவுத்துல ஓட்ட போட்டு வயரு குடுத்தான். போன மழையில இடி விழுந்து அந்த வயரு வழியாவே வந்து எம் பெட்டியக் கடிச்சிருச்சு. அவன் வூட்டுல ஒன்னும் ஆகல. எல்லாம் எனக்குன்னு தான் வந்து விழும். அப்பத் தான் தனுஷிகா சொன்னா, தாத்தா, வயரு இல்லாம காத்துல இழுக்குற சாமான் ஒன்னு இருக்கு, ஹட்டன்ல வாங்கிக் குத்துங்கன்னு. இந்தா, ஒங்ககிட்ட தானே வாங்குனேன், நகத்துண்டு மாதிரி இருக்கே, இது தான். குத்துனேன். குத்திட்டு பாத்துக்கிட்டே இருந்தேன். இராமையா வூட்டு நெட்டுப் பேரு வரவே இல்ல.

தட்டா? ஆமாங்க, டப்பாவுக்குள்ள ஒரு சின்னத் தட்டும் இருந்துச்சு, பளபளன்னு, நடுவுல ஓட்டயோட. கொண்டாந்திருக்கேன், இந்தாங்க. அது அப்புடித் தான் இருக்கும். கீறலு தான். மழ பட்டது தம்பி. வெயிலும் பட்டது. அது... போஞ்சிக் கொடியில கட்டித் தொங்க விட்டேங்க. குருவி வந்து பூவக் கொத்துது. எங்க லயத்துல எல்லாருமே பழைய பாட்டுத் தட்டக் கட்டித் தொங்க விடுவோம், வெயில்ல மினுங்குனா குருவி அண்டாது. ஓட்டயும் இருக்கா, கயிறு கோக்கத் தான் ஓட்ட போட்டிருக்காங்கன்னு நெனச்சேன். சிரிங்க, சிரிங்க. சாமானுக்குள்ள தட்டு வச்சவன் இதுல தான் டிரைவரு இருக்குன்னு தமிழ்ல ஒரு வரி எழுதி ஒட்டக்கூடாதா? கழுவிக் கிழுவி பாப்பமா? துணியால தொடச்சா எடுக்காதா? எடுக்காது. சரி. விடுங்க.

இப்ப நெட்டுல இருந்து தான் எடுக்கணுங்கிறீங்க. நெட்டுக்குப் போறதுக்கு டிரைவரு வேணும். டிரைவர எடுக்க நெட்டு வேணும். நல்லாருக்கே நாயம்! எங்கப்பனுக்கு பிரஜாவுரிமைக்குப் போனப்ப இதே கத தான் நடந்துச்சு. பொறப்பு அத்தாட்சி கொண்டாடான்னான் கந்தோர் ஆபீசரு. அத எடுக்கப் போனா, நீ எந்த நாட்டு ஆளுன்னு காட்டுடான்னான். இங்கனயும் அங்கனயும் நடந்தே அந்த மனுசன் செத்தான். பெட்டி செஞ்சவனும் அந்தக் கந்தோர்ல தான் வேல பழகியிருப்பான் போல.

ஒங்க கம்பியூட்டர்ல எடுத்து அந்தக் குச்சியில போட்டுக் கொண்டாந்து குத்துறீங்களா? அப்ப அதச் செய்யுங்க தம்பி, நல்லா இருப்பீங்க. என்னாது, அறுவத்து நாலா முப்பத்திரெண்டா? எழுவத்திரெண்டு. ஓ, பெட்டிக்கா! வயசக் கேக்குறீங்கன்னு நெனச்சேன். அது எனக்கு எப்புடித் தெரியும்? ரெண்டையும் போட்டுப் பாருங்க. எது ஏறுதோ ஏறட்டும்.

மணி என்னாங்க? ரெண்டர தாண்டிருச்சா?

நான் விடியக் கருக்கல்லயே பொகவந்தலாவையில பஸ் ஏறிட்டேன். எம் பொண்டாட்டி கொழுந்தெடுக்க இடுப்புல கட்டுற படங்குச் சாக்கு இருக்கே, அதுல பெட்டியச் சுத்தி மடியில வச்சிக்கிட்டு வந்தேன். கண்டக்டர் பயல் சீயா, மே மொகக்தன்னு கேக்குறான், தாத்தா இது என்னாதுன்னு. அண்ணன்னு சொன்னேன். வாயில வந்துருச்சு. அவனுக்குப் புரியல, போயிட்டான். நீங்க மத்தியானத்துக்கு மேல வந்து கடை தொறக்குற வரைக்கும் இந்தப் படியில தான் ஒக்காந்திருந்தேன். நேரா டேசன் தெரியுது. ஹட்டன் டேசன பாத்தாலே நான் மூஞ்சியத் திருப்பிக்குவேன்.

ஏனா? அங்க இருந்து தான் அவன் போனான். எங்கண்ணன் தேயிலத் தோட்டத்துல கொழுந்து லொறி ஓட்டுனான். சூசைன்னு யாரு கூப்புட்டா? தொர, வேல பாக்குற கண்டாக்கு ஐயா, பொம்பள ஆளுங்க, சின்னப் புள்ளைங்க, எல்லாருக்கும் அவன் டிரைவரு தான். எங்கம்மாவே டிரைவரு சாப்புட்டானான்னு தான் கேக்கும். நான் செடிக்குக் கவ்வாத்து வெட்டுனவன், எனக்கு ஒரு பட்டமும் இல்ல. ரெண்டு நாட்டு ஒப்பந்தத்துல ஆளுங்களப் பிரிச்சப்ப அவனுக்கு இந்தியாவுன்னு எழுத்து வந்துச்சு, எனக்கு இங்கன்னு வந்துச்சு. நான் போயி வண்டி ஓட்டச் சேந்துட்டு ஒன்னயக் கூப்புடுறேன், அம்மா எங்கூட வரட்டும்னான். கூட்டிக்கிட்டுப் போயிட்டான். அழுகுற கோச்சின்னு சொல்லுவோம் அந்த ரயில. பெட்டி பெட்டியா ஒப்பாரி. அம்மா சன்னல் கம்பியப் புடிச்சிக்கிட்டு கத்துது. அவன் மட்டும் அழல தம்பி. கதவுல நின்னு கையக் காட்டுறான். எப்புடித் தெரியுமா? லொறிய ரிவேஸ் எடுக்கறப்ப கிளீனரு காட்டுவானே, வா, வா, இன்னும் வான்னு, அப்புடி. நானும் கோச்சி பின்னுக்கே ஓடுனேன். பிளாட்பாரம் முடிஞ்சிருச்சு.

வா வான்னு கையக் காட்டுனவன் கூப்புடவே இல்ல. அதக்கூட மன்னிச்சிருவேன். நாலஞ்சு வருசம் கழிச்சு ஒரு தந்தி வருது. அம்மா எறந்துருச்சு, அடக்கம் முடிஞ்சிருச்சுன்னு. முடிஞ்சிருச்சு! பெத்த தாயி மூஞ்சிய கடைசியா எனக்குக் காட்டாம பொட்டிய மூடிட்டான். நீங்க சொல்றது சரி தான், அப்ப இந்தியாவுக்குப் போற கப்பலும் நின்னுருச்சு, வந்திருக்க முடியாது தான். அது எனக்குத் தெரியாதா? ஒரு போட்டோ புடிச்சிருக்கலாமே. பொட்டிக்குப் பக்கத்துல ஒருத்தன நிப்பாட்டி ஒரு போட்டோ. தம்பி ஒருத்தன் அங்க இருக்கான், அவனும் பாக்கட்டும்னு தோணலையே அவனுக்கு! அது தான் நான் கேக்க வேண்டியது. ஏன்டா காட்டல? அவ்வளவு தான்.

அதுக்கப்புறம் அவன் கடிதாசி வந்துச்சு. நான் பிரிக்கல. இப்பவும் பிரிக்க மாட்டேன்.

ஏறலையா? முப்பத்திரெண்டு ஏறலையா? அப்ப மத்தத போடுங்க தம்பி. அது ஒங்க கடை பஞ்சு மெத்தை நாற்காலி, நீங்க சாஞ்சிக்கலாம். நான் சாய முடியாதே.

இல்ல, கோவமில்ல. பதட்டம். ஒங்கள ஒன்னும் சொல்லல. போன கெழம நான் ஒங்களுக்கு போன் பண்ணப்ப நீங்க எவ்வளவு பொறுமையா சொன்னீங்க, தாத்தா, சாமான் நல்லது, டிரைவரு தான் இல்லன்னு. அதுல நடந்த கூத்து ஒங்களுக்குத் தெரியாதே! நான் போன வச்சிட்டு அடுப்படியப் பாத்து, அந்தோனியம்மா, டிரைவரு இல்லையாம்னு சத்தம் போட்டேன். அவ்வளவு தான். அவ கையில இருந்த ரொட்டி மாவோட ஓடியாந்து நெஞ்சுல அடிச்சிக்கிட்டு, ஐயோ டிரைவரு மச்சான், எங்கள விட்டுட்டுப் போயிட்டீங்களான்னு ஒரு கொரல்! லயமே கூடிருச்சு. இராமையா எழவுக்குப் போட கோயில் பெஞ்ச தூக்கத் தோள்ல துண்டப் போட்டுட்டான். மாவு நெஞ்செல்லாம் ஒட்டிக்கிட்டு இவ அழுகுறா, நான் அடியே, கம்பியூட்டருடீ, கம்பியூட்டருக்கு டிரைவரு இல்லடீங்கிறேன். எவளுக்குக் காது கேக்குது? அப்புறம் எல்லாரும் சிரிச்சிட்டு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனாங்க. ஆயுசு கூடுமாம், உசுரோட இருக்கவனுக்கு ஒப்பாரி வச்சா. அவ சொன்னா. அவன் எங்க சாவான், என்னய அனுப்பிட்டுத் தான் வருவான்னேன் நான்.

ஒருக்கா படத்துல வந்திருக்கான் தம்பி. வயரு இருந்தப்ப. அவன் மக மெரினா தான் எப்புடியோ தனுஷிகாவத் தேடிப் புடிச்சிருச்சு. உயித்த ஞாயிறன்னைக்கு கூப்புட்டாங்க. நான் உள்ள போகல. வாசல்ல நின்னுக்கிட்டேன். இருமுறது கேட்டுச்சு. ஏத்தத்துல லொறி இழுக்குற மாதிரி இருமல். வியாகுலம் இருக்கானான்னு கேட்டான். இல்லன்னு சொல்லுன்னு அந்தோனியம்மாவுக்கு சைகை காட்டுனேன். இல்லங்க மச்சான், வெளிய போயிருக்காருன்னா. சரி, இன்னொரு நாளைக்குப் பாத்துக்குறேன்னான். இருக்கட்டுமே, நாப்பது வருசம் நான் காத்துக்கிட்டு இருந்தேன், அவன் ஒரு நாளைக்கு காத்திருக்கட்டும்னு தான்.

ஏறுதா? என்னாது அது, பச்சக் கோடு? அது முழுசா ஓடுனா டிரைவரு உள்ள போயிரும்னா? மாதாவே. மெதுவா தான் போகும். ஒக்காந்திருக்கேன், நான் எங்க போகப் போறேன்.

அந்தோனியம்மாவ ஏன் கூட்டிக்கிட்டு வரலையா? முட்டி வீங்கிக் கெடக்கு அவளுக்கு. அதுவுமில்லாம அவ நேத்திலருந்து பேசல. ஒரு வார்த்த பேசல. எங்கம்மா செத்த தந்தி வந்தப்பவே அந்த அழுக அழுதவ, நேத்து சத்தமில்லாம ஒக்காந்திருக்கா. போன கெழமயே எல்லாத்தையும் அழுது முடிச்சிட்டா போல.

நேத்து அந்தியில என் போன் அடிச்சிச்சு. இந்தப் பட்டன் போன் தான். ஆண்டியப்பன். அவனும் அதே கோச்சியில போனவன், கோத்தகிரியில அண்ணனுக்கு அடுத்த வூடு. டிரைவரு இல்லடா வியாகுலம்னான். தெரியும்டா, கடக்காரத் தம்பி போன கெழமயே சொல்லிட்டாரு, நாளைக்கு ஹட்டனுக்குக் கொண்டு போயி போட்டுக்கிட்டு வந்துர்றேன், நீ அவன மூஞ்சி கழுவி ரெடியா ஒக்காத்தி வையின்னேன். அந்தப் பக்கம் பின்னுக்கு யாரோ பொம்பளைங்க கொரலு. நான் அப்பவும் சிரிச்சிக்கிட்டே அந்தோனியம்மாவப் பாத்து, இந்தா, கோத்தகிரிக்காரனும் டிரைவரு இல்லங்கிறான் பாருடீன்னேன். அவ சிரிக்கல. கையில இருந்தத கீழ வச்சிட்டா.

அப்புறம் மெரினா வாங்கிப் பேசுச்சு. நாளைக்கு நாலு மணிக்குப் பொட்டி மூடுறோம் சித்தப்பா, நீங்க படத்துல வந்துருங்க, அது வரைக்கும் மூடாம வச்சிருக்கேன்னுச்சு. நான் கேக்காமயே சொல்லுச்சு. அவன் சொல்லி வச்சிருந்தானாம். எது ஆனாலும் தம்பிக்குக் காட்டாம மூடிறாதன்னு.

ஏன் தம்பி கைய எடுத்துட்டீங்க? என்னயப் பாக்காதீங்க, அதப் பாருங்க. கோடு முடிஞ்சிருச்சா? எனக்குக் கண்ணு கலங்கலா இருக்கு, வெட்டின கண்ணு. என்னமோ எழுத்து வந்திருக்கே. வாசிங்க. டிரைவரு வந்துருச்சுன்னா?

இன்னொருக்கா சொல்லுங்க தம்பி. சத்தமா.