முப்பதில் ஒரு பங்கு

இல்ல தம்பி, செருப்போடயே வாங்க. தரையில வயருங்க கெடக்கு, பாத்து. படத்தையெல்லாம் போலீஸ் ஒரு காப்பி எடுத்துட்டுப் போயிட்டாங்க, ஆனா கம்ப்யூட்டர்ல அப்படியேதான் இருக்கு. உங்க அக்கா அதுல தெரியிறாங்களான்னுதானே கேட்டீங்க? காட்டுறேன். நேரா அந்தப் படத்துக்குப் போக எனக்கு மனசு வரல. வரிசையாவே பாப்போம்.

இது அஞ்சு மணிக்குச் சோதனைக்கு எடுத்தது. வண்டி ஒரு டாக்டரோடது, விக்கிறதுக்குப் படம் வேணும்னாரு. இந்த ஸ்போர்ட்ஸ் காருங்க உடம்பு கண்ணாடி மாதிரி, சுத்தி இருக்கிறதெல்லாம் அதுல விழும். இங்க பாருங்க, கதவுல என் தொப்பை கூடத் தெரியுது. அதனால சூரியன் எறங்குன பெறகுதான் வேலையே. வானமும் வண்டியும் ஒரே அளவு வெளிச்சத்துல நிக்கிற நேரம் ஒரு இருபது நிமிஷம் கெடைக்கும். முன்னாடி எடுத்தா வானம் வெளுத்துப் போயிரும், தாண்டிட்டா வண்டி கரியாயிரும்.

ஓட்டுனது என் மச்சான், வீட்டுக்காரியோட அண்ணன். மெக்கானிக். இந்த மாதிரி வண்டிய குடுத்தா கைக்கொழந்தைய வாங்குற மாதிரி வாங்குவாரு. நாங்க எடுத்த எடம் இன்னும் தொறக்காத ரோடு, குறுக்க தடுப்பு வச்சிருந்தாங்க. ஆமா, நடந்து போறவங்களுக்கு ஓரமா வழி இருந்திருக்கு. உங்க அக்கா தெனமும் வேல முடிஞ்சு அதுலதான் வருவாங்கன்னு ஸ்டேஷன்ல சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

வெளிச்சம் கொறையக் கொறைய ஷட்டர மெதுவாக்கிட்டே போகணும். இது வினாடியில முப்பதுல ஒரு பங்கு. வண்டி போற வேகத்துக்குக் கேமராவையும் கூடவே திருப்பணும். அப்ப வண்டி மட்டும் தெளிவா நிக்கும், மத்ததெல்லாம் கோடா இழுத்துக்கும். மரம், கம்பம், எல்லாம். மனுஷங்களும்தான்.

இதான் தம்பி. நாப்பத்தி ஒண்ணாவது படம். வலது ஓரத்துல இந்த வெள்ளைக் கோடு. தோள்ல வெள்ளப் பை மாட்டியிருந்தாங்கன்னு சொன்னீங்கள்ல, அதாத்தான் இருக்கணும். பெருசு பண்ணாலும் கோடுதான். மொகம் இல்ல. நானும் எத்தனையோ தடவ தேடிட்டேன். எடுத்த கையோட நான் கேமரா திரையத்தான் பாத்தேன், வெளிச்சம் சரியா விழுந்திருக்கான்னு. சத்தம் கேட்டுத்தான் தலையத் தூக்குனேன். ஓடிப் போய்ப் பாத்தோம். ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு.

தண்ணி குடிக்கிறீங்களா? சரி.

மச்சான் உள்ள போயி பதினேழு நாளாச்சு. விளக்கப் போட மறந்துட்டேன்னு எழுதிக் குடுத்திருக்காரு. அதான் உங்களுக்கு ஆற மாட்டேங்குது, இருட்டுற நேரத்துல ஒருத்தன் எப்படி மறப்பான்னு. கேக்க வேண்டிய கேள்விதான். என் வீட்டுக்காரியும் அதையேதான் கேக்குறா, அண்ணனத் திட்டித் திட்டி அழுவுறா. நான் பக்கத்துல ஒக்காந்து சாப்பிடுறேன். தூக்கமும் வருது. போன வாரம் கூட ஒரு வண்டிய எடுத்துக் குடுத்தேன், படம் நல்லாத்தான் வந்துச்சு.

அவரு மறக்கல தம்பி. அந்த நேரத்துல முன்விளக்கு எரிஞ்சா படத்துல வண்டியோட மூஞ்சியே இருக்காது, வெறும் வெள்ளையாயிரும். நான்தான் அணைக்கச் சொன்னேன். ஆள் வந்தா தெரியாதே மாப்ளன்னாரு. மூணு நிமிஷம்தான் மச்சான், இந்த ரோட்டுல யாரு வரப்போறாங்கன்னேன். அவ்வளவுதான் பேசுனோம். அப்புறம் ஸ்டேஷன் வாசல்ல வச்சு அவரு சொன்னாரு, நீ வாயத் தொறக்காத மாப்ள, ரெண்டு பேரும் உள்ள போனா ரெண்டு வீட்டையும் யாரு பாக்குறதுன்னு. நானும் தொறக்கல. நாளைக்குக் காலையில போய்ச் சொல்லிரலாம்னு நெனச்சுக்கிட்டே பதினேழு நாள் போயிருச்சு.

இப்பவே போலாம்னாலும் சரி. சட்டைய மட்டும் மாத்திக்கிறேன்.