ஐந்தாவது அடியில் பச்சை விளக்கு

வரிசையில் நிற்கும் மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கும். டிக்கெட் வாங்கப் போகிறவர் முகத்தில் ஒரு பொறுமை இருக்கும். வாங்கியதும் அது போய்விடும். எங்கள் அரங்கில் பிற்பகல் காட்சி மூன்று மணிக்கு. இரண்டு மணியிலிருந்தே மேடைக்கும் வாசலுக்குமாக நடக்க ஆரம்பித்துவிடுவேன். வாசலில் எத்தனை பேர் என்று பார்ப்பது, திரும்புவது, மறுபடி போய்ப் பார்ப்பது. நாற்காலி போட்டதற்கு நன்றி, ஆனால் நின்றபடியே சொல்கிறேன். உட்கார்ந்தால் கால் சும்மா இருக்காது.

நான் மேடை நிர்வாகி. ஓர் இசை நாடகத்தை எழுதியவர், மெட்டமைத்தவர், இயக்கியவர் எல்லோரும் முதல் காட்சியோடு ஒதுங்கிவிடுவார்கள். அதன்பின் அதைத் தினமும் ஓட்டுகிறவன் நான்தான். மேடை ஓரத்தில் எனக்கு ஒரு மேசை, நாடகப் பிரதி, வரிசையாகப் பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் எங்கோ ஒரு மூலையில் ஒரு விளக்கு எரியும். சிவப்பு என்றால் தயாராக இரு. பச்சை என்றால் செய். மேடைத் தளத்தில் ஒரு தரைக்கதவு உண்டு; அடியில் நின்று அதை இயக்குகிறவருக்கு மேடையில் நடப்பது தெரியாது, விளக்கு மட்டும்தான் தெரியும். பச்சை எரிந்தால் யோசிக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். யோசித்தால் தாமதம், தாமதித்தால் யாருக்காவது அடிபடும்.

அடியில் இருக்கிறவரைப் பாதாளம் என்று கூப்பிடுவோம். இருபத்தாறு வருடமாக அங்கேதான். நீங்கள் போட்ட வழக்கில் இப்போது சிறையில் இருக்கிறார்.

எங்கள் நாடகம் முற்றிலும் புதியது. அணை நீரில் மூழ்கப்போகும் ஓர் ஊரில் கடைசிக் கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் தபால்காரியின் கதை. ஜனங்களுக்கு முன்பே தெரிந்த பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. தபால்காரியாகப் பாடியவளை எல்லோரும் 'புதுசு' என்று கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள், வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். அவளுடைய அம்மா ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து நான்காவது வரிசையில் உட்காருவார்.

புதுசு மாதிரிப் பாடி நான் கேட்டதில்லை. கேட்டவர்கள் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். கேட்க வந்தவர்கள்தான் குறைவு. எழுநூறு இருக்கைகளில் நூற்றுப்பத்து நிறைந்தால் நல்ல நாள்.

ஆறாவது வாரம் அரங்கின் முதலாளியம்மா எங்களை ஒத்திகை அறைக்குக் கூப்பிட்டார்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. யாருப்பா பாடறாங்கன்னு கேட்டா நான் என்ன சொல்ல? புதுசுன்னா? ரோட்டுல போறவன் நின்னு போஸ்டரப் பாக்கணும்னா அதுல தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணு வேணும்" என்றார்.

ஒரு சினிமா நடிகையிடம் பேசி முடித்துவிட்டதாகவும் சொன்னார். நடிகைக்கு நிபந்தனைகள் இருந்தன. மூன்று பாட்டுகளை எடுத்துவிட வேண்டும். மீதியை வேறு யாராவது பாடிப் பதிவுசெய்து தர வேண்டும், அவர் வாயசைப்பார். முழங்கால் வலி இருப்பதால் பின்னோக்கி நடக்கும் காட்சி வேண்டாம்.

"சம்மதிச்சா ஒரு வருஷம் ஓடும். இல்லன்னா இந்த மாசக் கடைசியோட மூடிடலாம்" என்றார் முதலாளியம்மா.

அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை. தெரிந்த பெயர் இருந்தால்தான் ஜனங்கள் வருவார்கள். அந்தப் பெயர் வெளியிலிருந்துதான் வர வேண்டுமா என்பதில்தான் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு.

அன்று புதுசு என் மேசைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு சிரித்தாள்.

"அண்ணா, என் பேரு போஸ்டர்ல எங்க இருக்கு தெரியுமா? பூதக்கண்ணாடி வெச்சுத் தேடினேன். போஸ்டர் அச்சடிச்ச கடையோட பேரு என்னோடதவிடப் பெருசு."

"மேசையவிட்டு எறங்கு. பொத்தான் இருக்கு."

"எறங்கறேன். நாலு பேருக்கு என் பேரு தெரியற வரைக்குமாவது நாடகம் ஓடுமாண்ணா?"

ஓடும் என்றேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதலில் சிறிதாகத்தான் செய்து பார்த்தேன். நடனக்காரர்கள் இறங்கும் பின்படியில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர். ஒரு பையனுக்குக் கணுக்கால் உடைந்தது. பத்திரிகையில் ஆறாம் பக்கத்தில் இரண்டு வரி வந்தது, அதிலும் நாடகத்தின் பெயர் தப்பு. மறுநாள் வாசலுக்குப் பதினாலு தடவை நடந்தேன். அதே நூற்றுச் சொச்சம் பேர். பெயர் தெரியாத ஒருவனுக்குக் கால் உடைந்தால் அது செய்தி இல்லை என்று தெரிந்துகொண்டேன். அந்தப் பையனுக்குப் பழம் வாங்கிக்கொண்டு இரண்டு முறை போய்ப் பார்த்தேன்.

முதல் பாதியின் கடைசிப் பாட்டில் ஊருக்குள் வெள்ளம் வருகிறது. தபால்காரி கண்ணை மூடி, ஒரே சுரத்தை நீட்டிப் பிடித்தபடி, பின்னோக்கி எட்டு அடி நடக்கிறாள். ஐந்தாவது, ஆறாவது அடிகள் தரைக்கதவின்மேல் விழும். எட்டாவது அடியை வைத்து அவள் நின்றபின் நான் பச்சை கொடுப்பேன். கதவு திறந்து, தண்ணீர் ஏறுவதுபோல் புகை எழும்பும். கண்ணை மூடிக்கொண்டு நடக்கப் பயமில்லையா என்று ஒத்திகையில் ஒருமுறை கேட்டேன். "நீங்கதான பாத்துக்கறீங்க" என்றாள்.

கதவுக்கு நேர் கீழே தடித்த மெத்தை ஒன்று உண்டு. இரண்டாம் பாதியில் திருடனாக வருகிறவர் அதில்தான் குதிப்பார். அந்தச் சனிக்கிழமை காலை, மெத்தையில் பூஞ்சை வாடை வருகிறது, மொட்டைமாடியில் காயட்டும் என்று எடுத்துப் போகச் சொன்னேன். பாதாளம் மேலே ஏறி வந்தார்.

"மெத்த இல்லாம கதவத் தெறக்கறதுக்கு மனசு ஒப்பல சார்."

"குதிக்கறவரு இடைவேளைக்கு அப்பறம்தான வர்றாரு? அதுக்குள்ள வந்துரும்."

"அது சரிதான். இருந்தாலும் கீழ வெறும் சிமெண்டு. பதினாலு அடி."

"அளந்தீங்களா?"

"இருபத்தாறு வருஷமா அண்ணாந்து பாக்கறேன். அளக்கணுமா?" என்று சிரித்துவிட்டு இறங்கிப் போனார்.

அவள் சாக வேண்டும் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. இதை வாக்குமூலத்தில் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டியிருந்தது முதல் பக்கம். ஐந்தாவது அடியில் பச்சைப் பொத்தானை அழுத்தினேன். பாதாளம் யோசிக்கவில்லை. யோசிக்கக் கூடாது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். பாட்டு பாதியில் நின்றது. புகை மட்டும் சரியான அளவில் வந்தது. நான்காவது வரிசையில் அவளுடைய அம்மா கை தட்டினார்; நாடகத்தில் புதிதாக ஏதோ சேர்த்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்.

காட்சி முடிந்ததும் அறிக்கை எழுதுவது என் வேலை. தரைக்கதவு பச்சைக்கு முன்பே திறந்தது என்று எழுதினேன். அதை வைத்துத்தான் நீங்கள் பாதாளத்தைக் கைது செய்தீர்கள்.

பதினோரு நாள் அவள் நினைவு திரும்பாமல் மருத்துவமனையில் கிடந்தாள். பதினோரு நாளும் அவளுடைய படம் எல்லா இடத்திலும் வந்தது. அவள் பாடிய பதிவுகளை ஜனங்கள் தெருவில் நின்று கேட்டார்கள். கணக்குச் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் மருத்துவமனை வாசலில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். பன்னிரண்டாம் நாள் காலை இறந்துபோனாள். மூன்று நாள் கழித்து, அவள் வர முடியாத நாளில் பாடுவதற்கென்று பதிலியாக இருந்த பெண்ணை வைத்து நாடகத்தை மறுபடி தொடங்கினோம். ஒரு பாட்டுகூடக் குறைக்கவில்லை. எழுநூறு இருக்கையும் நிறைந்தன. வரிசை தெருமுனை வரை போய்த் திரும்பியிருந்தது. நடிகை வேண்டியதில்லை என்று முதலாளியம்மா ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார். நல்ல நாடகத்துக்கு நட்சத்திரம் தேவையில்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது சரியாகிவிட்டது.

ஒரே ஒரு குறை. வெள்ளப் பாட்டு வரும்போது யாரும் பாடுகிறவளைப் பார்ப்பதில்லை. எழுநூறு பேரும் எட்டித் தரையைப் பார்க்கிறார்கள். இப்போது பாடுகிறவளும் நன்றாகத்தான் பாடுகிறாள். இரண்டு முறை பாதியில் குரல் நடுங்கிவிட்டது. கண்ணைத் திறந்துகொண்டு நடக்கிறாள், ஒவ்வோர் அடியும் குனிந்து பார்த்து வைக்கிறாள், பலமுறை சொல்லிவிட்டேன்.

இப்போது நான்கு மாதமாகிவிட்டது. ஜனங்களுக்கு எதுவும் நெடுநாள் நினைவில் நிற்பதில்லை. போன சனிக்கிழமை வாசலுக்கு இருபது தடவை நடந்தேன். முந்நூற்று நாற்பது பேர். அதற்கு முந்தைய வாரம் நானூறு. முதலாளியம்மா மறுபடி அந்த நடிகையோடு பேச ஆரம்பித்திருக்கிறார்.

நான் இங்கே வந்தது பாதாளத்துக்காகத்தான். குற்றம் செய்யாத மனிதர் சிறையில் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. அதை நினைத்துத்தான் கொஞ்ச நாளாக என்னால் ஓரிடத்தில் நிற்க முடிவதில்லை. பொத்தானை அழுத்தியவன் நான், மெத்தையை எடுத்தவன் நான், பொய் அறிக்கை எழுதியவன் நான். எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு வேண்டுகோள் மட்டும். இன்று திங்கள். அடுத்த மாதக் காட்சிகளுக்கான முன்பதிவு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தொடங்குகிறது. இதை அன்று ஒன்பது மணிக்குப் பத்திரிகைக்காரர்களிடம் கொடுத்தால் போதும்; பாதாளம் நாலு நாள் பொறுத்துக்கொள்வார்.