விசில் கேட்டால் நாலு கிளிப்

இது நடக்கும்போது மத்தியானம் பன்னிரண்டே கால். பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று எவன் சொன்னான்? இளவரசா, முதலில் அந்தப் போனை அணைத்துத் தொலை. கண்ணைக் குத்துகிறது.

என் கூட்டாளி ரபீக்கின் அக்கா புருஷன் அன்வர் பாஷாவுக்கு நடந்தது இது. நம் செஞ்சிக்கு ரயில் ஏது? அவர் தினமும் பைக்கில் போய், தூரத்தில் ஒரு ஒற்றை லைனில் கீமேன் வேலை பார்த்தார். சுத்தியலோடு ஏழு கிலோமீட்டர் தண்டவாளத்தில் நடக்க வேண்டும். தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்திருக்கும் கிளிப்பில் கழன்றதையெல்லாம் அடித்து இறுக்க வேண்டும். இரண்டு பக்கமும் கருவேல முள்… ஆள் அரவம் கிடையாது.

அந்த லைனில் வண்டி ஐம்பதைத் தாண்டாது. வேகத்தைக் கூட்டி ஓட்டிப் பார்க்கிறோம், ட்ரையல் என்று நாலு வருஷமாகத் தேதி கொடுப்பார்கள், தள்ளிப் போடுவார்கள். கீமேன்களும் கடிகாரம் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். பாறை வளைவில் விசில் கேட்டதா… இன்னும் நாலு கிளிப் அடித்துவிட்டு நிதானமாக இறங்கலாம். அதுதான் அவர்கள் கணக்கு.

பாழாய்ப்போன அந்தக் கணக்குதான் அன்வரின் ஜோடி ஆள் தங்கராசுவைத் தின்றது. "ட்ரையல் இன்னிக்கும் இல்லியாம்" என்று எவனோ சொன்னதை நம்பி அடித்துக்கொண்டிருந்தார். விசில் கேட்டது. வண்டி நூற்றுப்பத்தில் வந்தது. இரண்டாவது கிளிப்… அவ்வளவுதான். உடம்பைச் சாக்கில் அள்ளினார்கள். தலையை முள்ளுக்குள்ளிருந்து எடுத்தது அன்வர்.

வேகம் மறுபடி தள்ளிப் போனது. போன ஆடியில் புது ட்ரையல். இந்தத் தடவை அன்வர் உஷார். கால் மணி முன்னாலேயே லைனை விட்டு இறங்கி, ஒரு கையில் கொடி, ஒரு கையில் சுத்தியலோடு நின்றார். வெயில்… கிரீஸ் வாடை… அதோடு பச்சை ரத்த வாடை.

டங்… டங்…

தண்டவாளத்தில் ஒரு முதுகு குனிந்திருந்தது. வளைவில் விசில். அவர் செத்தவர் என்பது அந்த நிமிஷம் அன்வருக்குத் தோன்றவே இல்லை, பாவம். ஓடினார்.

"தங்கராசண்ணே! வண்டி வந்துடுச்சு, இந்தப் பக்கம் வாண்ணே!"

"இன்னாத்துக்குடா பதறுற? நாலு கிளிப்பு டைம் இருக்குது. நீயும் அடி."

சுத்தியல் பிடித்திருந்த அன்வரின் வலது மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. சில்லென்று. அன்வர் உதறினார், கடித்தார், உதைத்தார். பிடி விடவில்லை. வண்டி தலைமேல் வந்துவிட்டது. உடம்பை மட்டும் ஜல்லிக்கு வெளியே எறிந்துகொண்டார். கை தண்டவாளத்திலேயே இருந்தது.

எலும்பு நொறுங்கின சத்தம் அவர் காதிலேயே விழுந்ததாம்.

ஆறு மணி நேரத்துக்குள் கையைக் கொண்டுவந்தால் தைத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அக்கா சாஜிதா தம்பியைப் பிடித்துக்கொண்டு கதறினாள். "அவரு கைய எப்டியாவது எடுத்துக்கினு வந்துடு ரபீக்கு… அந்தக் கைதான்டா எங்களுக்குச் சோறு!"

மீன்கடை ஐஸ் பெட்டியோடு ரபீக் தனியாக ஓடினான். ரத்தம் கிடந்த இடத்தில் கை இல்லை. நாய் தூக்கியிருக்கும் என்று நினைத்தான். அப்போது நூறடி தள்ளி…

டங்…

வழி நெடுக கிளிப்பெல்லாம் புதிதாக இறுக்கியிருந்தது. ஒவ்வொன்றிலும் ஈர ரத்தம். கடைசிக் கிளிப்பின் பக்கத்தில் கை கிடந்தது. விரல்கள் சுத்தியலை விடவில்லை.

"மச்சான்…" என்று அழுதுகொண்டே ரபீக் அதை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். இன்னும் சூடு இருந்ததாம்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் யாரோ இழுத்தார்கள்.