பதினாலாம் எண் கொடி

அங்கே போகிறவர்கள் தடித்த காலுறை ஒரு ஜோடி எடுத்துப்போவது நல்லது, ஐயா. நுழைவாயிலில் முழங்கால் வரை வரும் ரப்பர் காலணி தருகிறார்கள். காலுறை இல்லாவிட்டால் அது குதிகாலைக் கடித்துவிடும். பன்னிரண்டு முறை போனவன் என்பதால் சொல்கிறேன்.

நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். கோபத்தில் செய்தீர்களா என்றும் கேட்டீர்கள். கோபம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் அந்த வேகத்தில் செய்யவில்லை. வேகத்தில் செய்கிறவனுக்குக் கை நடுங்கும். நான் முப்பத்தொரு வருடம் நில அளவையாளனாக இருந்தவன், என் கை நடுங்காது.

அந்த இடத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஏரியோரத்துச் சதுப்பில் இரண்டு ஆள் உயரத்துக்கு நாணல். அதை வெட்டி வெட்டிப் பாதைகள் போட்டிருக்கிறார்கள். நுழைந்த வாசல் வழியாகத் திரும்பி வர முடியாது. மறுபக்கத்து வாசலைக் கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் விளையாட்டு. நாணலைக் கட்டாகக் கட்டி ஆங்காங்கே அடைப்பு வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமைதோறும் அடைப்புகளை இடம் மாற்றுவார்கள். வழி புதிதாகிவிடும்.

உள்ளே பை கொண்டுபோகக் கூடாது. வரும் ஒவ்வொரு குழுவுக்கும் ஒன்பது அடி மூங்கிலில் எண் போட்ட கொடி ஒன்று கொடுப்பார்கள். வழி தெரியாமல் போனால் அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். நடுவில் இருக்கும் கோபுரத்துக்காரன் பார்த்து, இறங்கி வந்து கூட்டிப்போவான். இதுவரைக்கும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவன் உடனே இறங்குவதில்லை. முதலில் மைக்கை எடுப்பான். "ஒன்பதாம் நம்பர் தோத்துப்போச்சு. எல்லாரும் ஒரு கை தட்டுங்க." நாணலுக்குள் எங்கெங்கோ இருக்கிறவர்கள் கை தட்டுவார்கள். முகம் ஒன்றும் தெரியாது, சத்தம் மட்டும் நாலு பக்கமிருந்தும் வரும்.

நானும் என் மனைவியும் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. கொடியை நீட்டிய பெண்ணிடம், "எனக்கு இது தேவைப்படாதும்மா" என்றேன்.

"வாங்கிக்கங்க," என்றாள் என் மனைவி. "துணி காயப்போடவாவது ஆகும்." பிறகு அந்தப் பெண்ணிடம், "ஊர் நிலத்தையெல்லாம் அளந்தவரு. மூக்குக்கண்ணாடியை எங்க வச்சோம்னு மட்டும் தினமும் என்னைத்தான் கேப்பாரு" என்றாள். அந்தப் பெண் சிரித்தாள். எண் பதினாலு.

அவளுக்கு இழுப்பு உண்டு. பையை ஒப்படைக்கும்போது இன்ஹேலரை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளவா என்று கேட்டாள். அரை மணி நேரத்தில் வந்துவிடுவோமே என்றேன். பை கூடாது என்று விதி போட்டது அவர்கள். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போன கொஞ்ச நேரத்தில் ஒன்பதாம் எண் தோற்றது. நானும் கை தட்டினேன். "மூணு திருப்பம் தெரியல பாரு, இவனெல்லாம் எப்படி வீடு போய்ச் சேர்றான்" என்றேன். அவள் சிரித்தாள், அப்போது நன்றாகத்தான் இருந்தாள்.

நுழைவுச் சீட்டின் பின்பக்கம் ஒரு வரைபடம் உண்டு. முந்தின வாரத்து வரைபடம் அது என்பது பிறகுதான் தெரிந்தது. புதுச் சீட்டு புதன்கிழமைதான் அச்சாகி வருமாம். செவ்வாய்க்கிழமைக்காரர்களுக்கு மீந்துபோன பழையதைக் கொடுப்பார்களாம். எந்த அளவையாளனும் கையிலிருக்கும் வரைபடத்தை நம்பித்தான் நடப்பான். நானும் நம்பினேன்.

"என்னங்க, இந்தப் பலகையை ஏற்கெனவே தாண்டிட்டோம்."

"படத்துல அப்படி இல்லையே."

"படத்துல இல்லாட்டி என்ன, என் காலுக்குத் தெரியுது."

நாணல் பூத்திருந்த காலம். காற்று அடித்தால் பஞ்சுபோல் பறக்கும். அவள் இருமத் தொடங்கினாள். ஒரு இடத்தில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். "கொடியைத் தூக்கலாங்க" என்றாள். இன்னும் இரண்டு திருப்பம்தான் என்றேன். அது உண்மை. அடுத்த நாள் வந்த புதுச் சீட்டில் பார்த்தேன், இரண்டே திருப்பம்.

கொடி தூக்கப்பட்டது. அவன் வந்து சேர ஆறு நிமிடம் ஆயிற்று. அவள் தலை என் மடியில் இருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. அப்போது மேலிருந்து கேட்டது: "பதினாலாம் நம்பர் தோத்துப்போச்சு. எல்லாரும் ஒரு கை தட்டுங்க." தட்டினார்கள். யாரோ விசில்கூட அடித்தார்கள். இருபத்தெட்டு வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவள் அந்தக் கைதட்டலில்தான் போனாள், ஐயா.

காரியம் முடிந்த அன்று அவள் தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கொடியை எப்ப அத்தான் தூக்குனீங்க?" என்று கேட்டான். எல்லோரும் அதையே கேட்டார்கள். மைக் பிடித்தவன் அதை வைத்துவிட்டு இறங்க எவ்வளவு நேரம் எடுத்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை. நிர்வாகத்துக்கு எழுதினேன். வருந்துகிறோம், எங்கள் ஊழியர் ஆறு நிமிடத்தில் வந்துவிட்டார் என்று நாலு வரியில் பதில் வந்தது. மச்சினனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டேன்.

அதன் பிறகு தனியாகப் போக ஆரம்பித்தேன். வாரம் ஒரு முறை, சுற்றுலா வந்தவனைப் போல. அடி எண்ணி நடந்தேன், வீட்டுக்கு வந்து வரைந்தேன். பத்து முறையும் கொடி தூக்காமல் வெளியே வந்தேன். அந்தப் பெண், "உங்களை வேலைக்கே எடுத்துக்கலாம் சார்" என்றாள். ஒன்று கவனித்தேன். கோபுரத்துக்காரன் இப்போது மைக்கில் பேசுவதே இல்லை. யார் கொடி தூக்கினாலும் சத்தமில்லாமல் இறங்கி ஓடுகிறான். தடயத்தை அழிக்கிறான் என்று புரிந்துகொண்டேன்.

வடமூலையில் பாதை போடச் சேறு தோண்டிய பள்ளம் ஒன்று இருக்கிறது. மேலே பாசி மூடிக்கிடக்கும், பார்த்தால் தரை மாதிரி இருக்கும். அதன் முன்னால் ஒரு அடைப்பும் சிவப்புத் துணியும் உண்டு. பன்னிரண்டாவது முறை, தூறல் விழுந்த ஒரு செவ்வாய்க்கிழமை, கடைசிச் சீட்டு என்னுடையது. உள்ளே வேறு யாரும் இல்லை என்று அந்தப் பெண்ணிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். வேறு யாருக்கும் தீங்கு வரக் கூடாது. பதினாலாம் எண்ணைக் கேட்டு வாங்கினேன். சிவப்புத் துணியை அவிழ்த்துச் சட்டைப்பையில் வைத்தேன். அடைப்பைத் தூக்கிச் சரியான பாதையில் வைத்தேன். முந்தின நாள்தான் எல்லாம் இடம் மாறியிருந்ததால், அடைப்பு இருக்கும் பாதையை விட்டுத் திறந்த பாதையில் வருவான் என்பது என் கணக்கு. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கொடியைத் தூக்கினேன்.

நாலே நிமிடத்தில் வந்தான். ஓடி வந்தான். அன்றைக்கு இப்படி ஓடியிருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டேன். இடுப்பு வரை ஒரேயடியாக இறங்கிவிட்டான்.

"சார், கொடியை நீட்டுங்க சார்," என்றான். எங்களுக்கு நடுவில் ஆறரை அடி. மூங்கில் ஒன்பது அடி. அவன் குரலை எங்கும் கேட்க வைக்கும் மைக் மேலே கோபுரத்தில் இருந்தது.

நான் யாரென்று தெரிகிறதா என்று கேட்டேன்.

"மொதல் தடவை தனியா வந்தப்பவே தெரியும் சார். எப்படிப் பேசுறதுன்னு தெரியல." நெஞ்சு வரை போயிருந்தான். "தப்புதான் சார். அன்னிக்கு மேல இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். பதினாலாம் கொடி பாதி எழும்பும், டக்குன்னு கீழ போயிடும். மறுபடி எழும்பும், மறுபடி போயிடும். நாலஞ்சு தடவை. ரெண்டு பேரும் பிடுங்கி விளையாடுறீங்கன்னு நெனச்சேன். புருஷன் பொண்டாட்டி விளையாட்டுன்னு சிரிச்சுக்கிட்டு இருந்துட்டேன் சார். யார்கிட்டயும் சொல்லல. சத்தியமா இனியும் சொல்ல மாட்டேன். நீட்டுங்க சார்."

மரண பயத்தில் மனிதன் எதையும் சொல்வான். பதினேழு நிமிடம் நின்றேன். பாசி மறுபடி மூடிக்கொண்ட பிறகு அடைப்பை அதன் இடத்தில் வைத்து, சிவப்புத் துணியைக் கட்டினேன், தெரியாமல் இன்னொருவர் வந்து விழுந்துவிடக் கூடாதே. வெளியே வந்து கொடியையும் காலணியையும் ஒப்படைத்துவிட்டு, போலீசைக் கூப்பிடம்மா என்றேன்.

ஆக, அவனைக் கொன்றது நான்தான். அதில் வழக்காட எதுவுமில்லை. ஆனால் என் மனைவி விஷயத்தில் அவன் சொன்னதை நீங்கள் அப்படியே எழுதிவிடக் கூடாது. பிடுங்கி விளையாடினோம் என்பது பொய். அவளுக்கு விளையாடுகிற தெம்பா இருந்தது? நான் கேட்டதெல்லாம் இரண்டு திருப்பம். அந்தக் கைதட்டல் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், அவள் முதல் தடவை கை நீட்டியபோதே கொடியைக் கொடுத்திருப்பேன், ஐயா.